எம்.ஆர்.ஐ-யும் பெட் ஸ்கேனும் சேர்ந்தால் பயாப்சி தேவையில்லையா?

பிடோக்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதாக அவர் பலதுறை மருந்தகத்தில் சொன்னதால், இரத்தத்தில் பி.எஸ்.ஏ என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்த்தார்கள். முதலில் 5.9 இருந்தது, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 7.2 ஆகியிருந்தது. அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். அறிக்கையில் புரோஸ்டேட் சுரப்பியின் அளவு 46 மில்லிலிட்டர் என்றும், வலப்பக்கப் புறமண்டலத்தில் 9 மில்லிமீட்டர் அளவில் ஓர் இடம் தெரிகிறது என்றும், அதற்குப் பை-ராட்ஸ் 3 என்ற மதிப்பெண் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறது.

பயாப்சி, அதாவது ஊசியால் சுரப்பியிலிருந்து சிறு துண்டுகள் எடுத்துச் சோதிப்பது, செய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். பி.எஸ்.எம்.ஏ பெட் ஸ்கேன் என்று ஒன்று இருப்பதையும், இந்தக் கட்டத்தில் அது கட்டாயமில்லை, விரும்பினால் பேசலாம் என்பதையும் அவரே குறிப்பிட்டார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அப்பா வாய் திறக்கவில்லை. அறிக்கையை நான்காக மடித்துப் பழைய தமிழ் முரசு இதழ் ஒன்றுக்குள் செருகி வைத்துவிட்டார். கேட்டால் மட்டும் எடுத்துத் தருகிறார்.

இதற்கிடையில் ஜொகூர் பாருவில் இருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். எம்.ஆர்.ஐ-யையும் பெட் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தால் புரோஸ்டேட் புற்றுநோயை 97 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்துவிடலாம், ஊசியே தேவையில்லை என்கிறது அந்தச் செய்தி. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

என் கேள்விகள் மூன்று. அந்த 97 என்ற எண் உண்மையா, உண்மையென்றால் அதன் பொருள் என்ன? இரண்டு ஸ்கேனும் ஒன்றுமில்லை என்று சொன்னால் பயாப்சியை விட்டுவிடலாமா? இரண்டும் இருக்கிறது என்று சொன்னால் பயாப்சி இல்லாமலேயே சிகிச்சைக்குப் போகலாமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தபோது கைநரம்பில் சாய மருந்து எதுவும் ஏற்றவில்லை. அதனால் படம் அரைகுறையாகிவிட்டதோ என்று அம்மா கவலைப்படுகிறார்.

மருத்துவ ஆலோசனையாக அல்லாமல், மருத்துவரிடம் அடுத்த முறை என்ன கேட்க வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன்.


பழைய படமெடுப்பாளர் எழுதியது:

தம்பி, நான் மருத்துவர் அல்லன். மருத்துவமனை ஸ்கேன் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் கவலையைத் தீர்த்துவிடலாம். சாய மருந்து ஏற்றாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ-யை, ஏற்றி எடுப்பதோடு ஒப்பிட்டுப் பிரைம் என்ற பன்னாட்டுச் சோதனை நடந்து, 2025-இல் அதன் முடிவு வெளிவந்தது. 490 ஆண்களின் படங்களை இரு விதமாகவும் படித்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்குரிய புற்றுநோய் எத்தனை பேரிடம் பிடிபட்டது என்று பார்த்தால், இரண்டிலும் ஏறத்தாழ 29 விழுக்காடுதான் வந்தது. ஆகவே சாயம் இல்லை என்பதற்காகப் படம் குறைபட்டது ஆகாது. ஆனால் அந்தச் சோதனையில் படத்தின் தரத்தை முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குடலில் காற்று நிறைந்திருந்தாலோ, இடுப்பில் உலோக மூட்டு இருந்தாலோ, நோயாளி அசைந்துவிட்டாலோ படம் கெட்டுப்போகும். சாயத்தைவிட அதுதான் பெரிய சிக்கல். அறிக்கையில் படத்தின் தரத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எம்.ஆர்.ஐ என்ன பார்க்கிறது என்பது. புரோஸ்டேட்டின் புறமண்டலம் நீர் நிறைந்த நுண்சுரப்பிகளால் ஆனது. ஆரோக்கியமாக இருந்தால் படத்தில் வெண்மையாகத் தெரியும். புற்றுநோய் வந்த இடத்தில் உயிரணுக்கள் நெருக்கியடித்து நிற்பதால் அந்த இடம் கறுத்துப்போகும். நீர் மூலக்கூறுகள் தாராளமாக அசைய முடியாமல் தடைபடுவதை இன்னொரு வகைப் படம் தனியாகக் காட்டும். சிக்கல் என்னவென்றால், பழைய அழற்சியும் தழும்பும் அதே இடத்தில் அதே மாதிரி கறுப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பை-ராட்ஸ் என்பது ஒன்று முதல் ஐந்து வரை சந்தேகத்தின் அளவைச் சொல்லும் மதிப்பெண். ஒன்றும் இரண்டும் பெரும்பாலும் கவலையில்லை. நான்கும் ஐந்தும் கவலை. மூன்று என்றால், படத்தைப் படித்தவரால் இந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை, அந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை என்று பொருள். 2018-இல் வந்த பிரிசிஷன் என்ற சோதனையில் பை-ராட்ஸ் 3 வந்தவர்களில் 12 விழுக்காட்டினரிடம்தான் சிகிச்சைக்குரிய புற்றுநோய் இருந்தது. 4 வந்தவர்களில் அது 60, 5 வந்தவர்களில் 83. உங்கள் அப்பா எந்தப் படியில் நிற்கிறார் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்கேன் உருவத்தைப் பார்ப்பதில்லை. புரோஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தோடு சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து நரம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் போல் காத்திருந்து, எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பார்கள். கேலியம் 68 என்றால் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஃபுளோரின் 18 என்றால் ஏறத்தாழ 110 நிமிடம். பெயரில் புரோஸ்டேட் இருந்தாலும் அந்தப் புரதம் அங்கே மட்டும் இருப்பதில்லை. உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லாம் படத்தில் விளக்கேற்றியதுபோல் ஒளிரும். முதன்முறை அந்தப் படத்தைப் பார்க்கும் குடும்பத்தார் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று நினைத்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நேர்மாறாக, புரோஸ்டேட் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு வரை அந்தப் புரதத்தைப் போதுமான அளவில் காட்டுவதே இல்லை. புற்று இருந்தும் படம் இருட்டாகவே இருக்கும்.

மாமா அனுப்பிய 97 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2021-இல் வெளிவந்த பிரைமரி என்ற ஆய்வு அது. 291 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ, பெட், பயாப்சி மூன்றையும் செய்தார்கள். எம்.ஆர்.ஐ மட்டும் சிகிச்சைக்குரிய புற்றுநோய் உள்ளவர்களில் 83 விழுக்காட்டினரைப் பிடித்தது; இரண்டையும் சேர்த்தபோது 97. எண் சரி. ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியை மாமாவுக்குச் செய்தி அனுப்பியவர் விட்டுவிட்டார். புற்றுநோய் இல்லாதவர்களைச் சரியாக இல்லை என்று விடுவிக்கும் திறன், எம்.ஆர்.ஐ மட்டும் என்றால் 53 விழுக்காடு. சேர்த்தபோது 40 ஆகக் குறைந்தது.

இன்னொரு ஆய்வையும் மக்கள் இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். புரோ-பி.எஸ்.எம்.ஏ என்று 2020-இல் வந்தது; அதுவும் ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான். பெட் ஸ்கேனின் துல்லியம் 92 விழுக்காடு, பழைய முறையான சி.டி-யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 விழுக்காடு என்று அது காட்டியது. ஆனால் அதில் கலந்துகொண்ட 302 பேருக்கும் பயாப்சியில் தீவிரமான புற்றுநோய் என்று ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. அது நிணநீர்க் கணுவுக்கோ எலும்புக்கோ பரவியிருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. உங்கள் அப்பாவின் கேள்வி அதுவன்று.


கணக்கு வாத்தியார் எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதை ஒட்டிச் சில வரிகள். தொடக்கக்கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு 61 வயதில் இதே பரிசோதனைகள் நடந்தபோது, மருத்துவர் சொன்ன விழுக்காடுகளை வீட்டில் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஆகவே நூறு பேரை வரிசையில் நிறுத்திப் பார்ப்போம்.

பிரிட்டனில் நடந்த புரோமிஸ் என்ற ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பி.எஸ்.ஏ உயர்ந்து, அதுவரை பயாப்சி செய்யாத 576 ஆண்கள். அவர்களுக்கு எம்.ஆர்.ஐ எடுத்து, வழக்கமான பயாப்சியும் செய்து, அதற்கு மேல் மயக்க மருந்து கொடுத்துச் சுரப்பி முழுவதையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசியால் துழாவி எடுத்தார்கள். இந்தக் கடைசிச் சோதனையை உண்மை என்று வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அளந்தார்கள். நூறு பேரில் 40 பேருக்குச் சிகிச்சைக்குரிய புற்றுநோய் இருந்தது. எம்.ஆர்.ஐ-யின் பிடிக்கும் திறன் 93, விடுவிக்கும் திறன் 41.

இப்போது கணக்குப் போடுங்கள். நோயுள்ள 40 பேரில் எம்.ஆர்.ஐ 37 பேரைப் பிடிக்கும், 3 பேரைத் தவறவிடும். நோயற்ற 60 பேரில் 25 பேரை விடுவிக்கும், 35 பேரைச் சந்தேகப்படும். ஆக, ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவர்கள் 28 பேர்; அவர்களில் 25 பேருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. இது 89 விழுக்காடு. சந்தேகம் என்று சொல்லப்பட்டவர்கள் 72 பேர். அவர்களில் 37 பேருக்குத்தான் நோய், அதாவது ஏறத்தாழப் பாதி. மருத்துவர் உங்களிடம் எம்.ஆர்.ஐ 93 விழுக்காடு என்று சொன்னால், இந்த 89-உம் 51-உம் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. நோயாளிக்கு வேண்டியவை இவைதான். தனக்கு நோய் இருந்தால் ஸ்கேன் என்ன சொல்லும் என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை. ஸ்கேன் இப்படிச் சொல்லிவிட்டதே, எனக்கு நோய் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்.

இந்த இரண்டு எண்களும் நோய் எவ்வளவு பரவலாக இருக்கும் கூட்டத்தில் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். பிரைமரி ஆய்வில் 291 பேரில் 162 பேருக்கு, அதாவது 56 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. அங்கே எம்.ஆர்.ஐ மட்டும் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதை நம்பத்தக்க அளவு 72 விழுக்காடுதான். பெட்டையும் சேர்த்தபோது 91 ஆக உயர்ந்தது. எம்.ஆர்.ஐ-க்குப் புரோமிஸில் 89, பிரைமரியில் 72 என்று வருவதைப் பார்த்து, யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கூட்டம் வேறு, சிகிச்சைக்குரிய புற்றுநோய் எது என்ற வரையறையும் வேறு.

அடுத்ததாக, சேர்த்துப் பார்ப்பது என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கொண்டோ குடியிருப்பின் வாயிலில் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். இருவரில் ஒருவர் சந்தேகப்பட்டாலும் ஆளை நிறுத்தலாம் என்பது ஒரு விதி. அப்படியானால் திருடன் நுழைவது அரிது. ஆனால் சாப்பாடு கொண்டுவரும் பையனும் தபால்காரரும் தினமும் வெயிலில் நிற்பார்கள். இருவரும் சந்தேகப்பட்டால்தான் நிறுத்தலாம் என்பது இன்னொரு விதி. தபால்காரருக்கு நிம்மதி, திருடனுக்கும் கொஞ்சம் நிம்மதி. பிரைமரி ஆய்வின் 97, முதல் விதியின் குழந்தை. பிடிக்கும் திறன் கூடியதும் விடுவிக்கும் திறன் குறைந்ததும் அந்த விதியை எடுத்துக்கொண்டதால் வந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது. இரண்டு ஸ்கேன் சேர்ந்தால் துல்லியம் கூடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவரிடம், எந்த விதியில் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் செய்தியை அனுப்பியிருக்க வேண்டாம். மாமா மன்னிக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது. பை-ராட்ஸ் 2 அல்லது 3 வந்தவர்களில் 38 விழுக்காட்டினருக்குப் பெட்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்றுமில்லை என்று வந்தது. மொத்தம் 56 பேர். இவர்கள் எல்லாரும் பயாப்சியைத் தவிர்த்திருந்தால், நோயுள்ள 162 பேரில் 5 பேர் தவறிப்போயிருப்பார்கள். அந்த ஐவரில் நால்வருக்கு இருந்தது இரண்டாம் தரநிலைப் புற்று, ஒருவருக்கு மூன்றாம் தரநிலை. புற்றின் தீவிரத்தைச் சொல்லும் இந்தத் தரநிலை ஒன்று முதல் ஐந்து வரை போகும் என்பதால், மிகத் தீவிரமானவை தவறவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தவறவே இல்லை என்று சொல்ல முடியாது.

அப்பாவின் எண்களில் ஒன்றை நீங்களே கணக்கிடலாம். பி.எஸ்.ஏ 7.2 என்பதைச் சுரப்பியின் அளவான 46 ஆல் வகுத்தால் 0.157 வருகிறது. இதற்குப் பி.எஸ்.ஏ அடர்த்தி என்று பெயர். பெரிய சுரப்பி இயல்பாகவே கூடுதல் பி.எஸ்.ஏ சுரக்கும் என்பதால் இப்படி வகுத்துப் பார்க்கிறார்கள். 0.15-க்கு மேல் போனால் எம்.ஆர்.ஐ தயங்கும் இடங்களில்கூடப் பயாப்சி பக்கம் சாய்வது பரவலான வழக்கம். அப்பா அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறார். மருத்துவர் ஏன் பயாப்சி என்றார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சுரப்பி வீக்கத்துக்காக அப்பா ஃபினஸ்டிரைடு அல்லது டூட்டஸ்டிரைடு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பி.எஸ்.ஏ ஏறத்தாழப் பாதியாகக் காட்டும். அப்போது இந்தக் கணக்கே மாறிவிடும்.


உட்லண்ட்ஸ் மகள் எழுதியது:

எல்லாரும் பயாப்சி பக்கமே பேசுவதால் எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. என் அப்பாவுக்கு 79 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தை நிறுத்தவே கூடாது என்று இதய மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எம்.ஆர்.ஐ-யில் பை-ராட்ஸ் 3. அந்த நிலையில் பெட் எடுத்தார்கள், புரோஸ்டேட்டுக்குள் எதுவும் ஒளிரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, எண் அசையவில்லை. யாருக்கு ஊசியால் ஆபத்து கூடுதலோ அவருக்கு இந்தக் கூட்டு ஸ்கேன் பெரிய உதவி. பிடோக்வாசியின் அப்பாவுக்கு அப்படி ஒரு தடை இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே இது அவருக்குப் பொருந்துமா என்று சொல்ல மாட்டேன்.


தோ பாயோ தாத்தா எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எனக்கு வயது 71. 2022-இல் எனக்குப் பயாப்சி நடந்தது. நானும் ஊசி என்றதும் வாயடைத்துப் போனவன்தான்.

ஆசனவாய் வழியாக ஊசி போடுவார்கள் என்று காப்பிக்கடை நண்பர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அது பழைய முறை. இப்போதும் சில இடங்களில் செய்வதுண்டு, கிருமித்தொற்று ஆபத்து அதில் கூடுதல். எனக்குச் செய்தது விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக. மரத்துப்போகும் மருந்து போட்டபோது எரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பட்டென்று ஒரு சத்தம், ரப்பர் வளையத்தைச் சுண்டியது போல. பத்துப் பன்னிரண்டு முறை கேட்டிருக்கும். எம்.ஆர்.ஐ-யில் தெரிந்த இடத்தை அல்ட்ராசவுண்டுத் திரையில் பொருத்தி வைத்துக்கொண்டு அந்த இடத்திலிருந்து தனியாக மூன்று துண்டுகள் எடுத்ததாகச் சொன்னார்கள். இந்த வேலையைச் செய்வதற்கென்றே மோனா லிசா என்று பெயர் வைத்த ஒரு ரோபோ சிங்கப்பூரில் உருவாகியிருக்கிறது. என் மருத்துவர் அதைப் பற்றிச் சொன்னபோது, அதுவாவது சிரிக்குமா என்று கேட்டேன். எனக்குக் கையால்தான் செய்தார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். சிறுநீரில் மூன்று நாள் இரத்தம் வந்தது. விந்தில் ஒரு மாதத்துக்கு மேல் பழுப்பு நிறம் இருந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் பயந்துபோய் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். சொல்லியிருக்க வேண்டிய மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

எனக்கு மூன்றாம் தரநிலைப் புற்று என்று வந்தது. அதற்குப் பிறகுதான் பெட் எடுத்தார்கள், பரவியிருக்கிறதா என்று பார்க்க. ஊசி போட்டு ஓர் அறையில் ஒரு மணி நேரம் தனியே உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லிப் படுக்க வைத்தார்கள். அன்று மாலை வரை பேரனைத் தூக்க வேண்டாம் என்றார்கள். அவன் கதவுக்கு வெளியே நின்று தாத்தா தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

படம் வந்தது, விலா எலும்பில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. ஒரு வாரம் தூக்கமில்லை. எலும்புக்குப் போய்விட்டால் அறுவை சிகிச்சை பயனில்லை என்று எங்கோ படித்திருந்தேன். பிறகு அந்த இடத்துக்குத் தனியாக எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய காயத்தின் தடம், புற்று அல்ல என்றார்கள். ஃபுளோரின் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட மருந்தை ஏற்றினால் விலா எலும்புகளில் இப்படிப் பொருளில்லாத புள்ளிகள் தெரிவது வழக்கம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்கேனைக் கூட்டினால் விடை மட்டும் கூடும் என்று நினைக்காதீர்கள், கேள்வியும் கூடும்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில் இது. இரண்டு ஸ்கேனும் இருக்கிறது என்று சொன்னாலும், எந்தத் தரநிலை என்பதை ஸ்கேன் சொல்லாது. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் தரநிலை என்றால் சிகிச்சையே இல்லாமல் கண்காணித்துக்கொண்டிருக்கலாம்; நான்காம் தரநிலை என்றால் கதிர்வீச்சோடு ஹார்மோன் ஊசியும் வேண்டியிருக்கலாம். தரநிலை தெரியாமல் சுரப்பியை எடுத்துவிட்டு, சிறுநீர் கசிவோடும் மற்றதோடும் மிச்ச வாழ்நாளைக் கழித்தால், அது தேவைப்பட்டதா என்று யாரைப் போய்க் கேட்பது? இன்னொன்றும் சொல்கிறேன். பிரிட்டனில் புரோடெக்ட் என்று ஒரு சோதனை. 1,643 பேர், சுரப்பிக்குள்ளேயே இருந்த புற்றுநோய். கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்று குழுவாகப் பிரித்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், எந்தக் குழுவிலும் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். 2023-இல் வந்த முடிவு. அப்பாவிடம் அவசரமில்லை என்று சொல்லுங்கள். ஆனால் அறிக்கையை முரசுக்குள் செருகி வைத்துவிட்டால் அவசரமில்லாதது தானே சரியாகிவிடாது என்றும் சொல்லுங்கள்.


பழைய படமெடுப்பாளர் எழுதியது:

தாத்தா சொன்ன விலா எலும்புக் கதையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் புள்ளியைப் படித்தவரின் அனுபவம்தான் அங்கே வேலை செய்கிறது.

உட்லண்ட்ஸ் மகள் சொன்னதும் சரி. பிரைமரி ஆய்வுக்குத் தொடர்ச்சியாகப் பிரைமரி-2 என்ற சோதனையை ஆஸ்திரேலியர்கள் வகுத்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்: எம்.ஆர்.ஐ-யில் 2 அல்லது 3 வந்து, ஆனாலும் சந்தேகம் தீராதவர்கள். பாதிப் பேருக்குப் பெட் எடுத்துவிட்டுப் பயாப்சி தேவையா என்று முடிவு செய்வது, மீதிப் பேருக்கு நேரே பயாப்சி செய்வது என்பது அதன் அமைப்பு.

செலவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ-யைவிடப் பெட்டுக்குச் செலவு கூடுதல். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து வெளிநோயாளி ஸ்கேனுக்கு எடுப்பதற்கு ஆண்டு வரம்பு உண்டு, அதற்கு மேல் கைப்பணம். புற்றுநோய் என்று உறுதியான பிறகு எடுக்கும் ஸ்கேனுக்கும் அதற்கு முன் எடுப்பதற்கும் விதி வேறுபடும் என்பதால், நாள் குறிக்கும் முன்பே மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். 1950-களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறைச் சலுகை அப்பாவுக்கு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.


பிடோக்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கணக்கு வாத்தியார் சொன்ன அடர்த்தியைப் பற்றிக் கேட்டேன். மருத்துவர் சிரித்துவிட்டு, தன் குறிப்பில் 0.16 என்று எழுதியிருந்ததைத் திரையில் காட்டினார். அதுவும், ஆறு வாரத்தில் பி.எஸ்.ஏ குறையாமல் கூடியதும் சேர்ந்துதான் தன்னைப் பயாப்சி பக்கம் சாய்த்தன என்றார். அப்பா அந்த மாத்திரைகள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. படங்களை இன்னொரு நிபுணரும் படித்துவிட்டாராம். அவரும் 3 என்றே சொல்லியிருக்கிறார். படத்தின் தரம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மாவுக்கு நிம்மதி.

பெட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அது ஒன்றுமில்லை என்று சொன்னால் உங்கள் அப்பாவுக்கு நான் பயாப்சி வேண்டாம் என்பேனா என்று என்னையே திருப்பிக் கேட்டார். இந்த அடர்த்தியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல மாட்டேன், ஆகவே அதற்குச் செலவழிப்பதில் பொருளில்லை. பயாப்சியில் தீவிரமான தரநிலை வந்தால் அப்போது பரவலைப் பார்க்க எடுப்போம் என்றார். முடிவை மாற்றாத ஸ்கேனை எதற்கு எடுக்க வேண்டும் என்று அப்பாவே எழுந்து கேட்டார். அறைக்குள் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். தோ பாயோ தாத்தாவின் பதிலை அவர் இரண்டு முறை படித்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ரப்பர் வளையம் சுண்டுவது போலத்தானே என்று தாதியரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் 14-ஆம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள், தோல் வழியாகத்தான். மாமாவுக்கு அப்பாவே வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பிவிட்டார்.

ஒரு சிறு சந்தேகம் மிச்சமிருக்கிறது. அப்பா சர்க்கரைக்கான மாத்திரைகளோடு தினமும் ஆஸ்பிரினும் எடுத்துக்கொள்கிறார். பயாப்சிக்கு முன் நாமாகவே அதை நிறுத்திவிட வேண்டுமா?


தோ பாயோ தாத்தா எழுதியது:

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், தம்பி. எனக்கு ஆஸ்பிரினைத் தொடரச் சொன்னார்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேறொரு மாத்திரையை மட்டும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் மாறும். மருந்துப் பெட்டிகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சந்திப்புக்கு முந்தைய பரிசோதனை நாளில் தாதியரிடம் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரையை அன்று காலை எப்போது சாப்பிடுவது என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.